மாமன் படகில் கை வைத்தவள்

அன்பு மகள் லைசாவுக்கு, நாலோமாவிலிருந்து அப்பா அபிசாய் எழுதுறது. ஆண்டவர் கிருபையில நானும் உங்கம்மாவும் சுகம், உங்கம்மாவோட முட்டிவலியும் சுகமா எங்ககூடவே இருக்கு. நீ சுகமான்னு எப்பவும் கேக்கற மாதிரி இந்தத் தடவை கேக்கப்போறதில்ல. உன் சுகத்துல முக்கால்வாசி இப்போ நம்ம வாசல்ல ஈரப்பலா மரத்தடியில கோழியத் தொரத்திக்கிட்டு ஓடுது. மிச்சக் கால்வாசி அபர்தீன் குளிர்ல ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்துகிட்டிருக்கு, அந்தக் கால்வாசிக்குத்தான் இந்தக் கடிதம்.

இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. கோயில் முடிஞ்சு, சாப்பிட்டு, ஊரே வயித்தத் தடவிக்கிட்டுத் தூங்குது. உன் புருஷன் கேலம் நம்ம கூடத்துல தாழம்பாய் மேல வாயத் தெறந்துகிட்டு மல்லாந்து கெடக்கான், ஈ போறதும் வரதும் தெரியல. ஞாயித்துக்கிழமை வேலை செய்யக்கூடாதே, கடிதம் எழுதலாமான்னு போதகரைக் கேட்டேன். நீங்க எழுதினா அது வேலையில்ல, வேலை படிக்கிறவங்களுக்குத்தான்னு சொல்லிட்டுப் போறாரு, பாரு அவருக்கு வந்த வாயை. போன்ல பேசியிருக்கலாம். ஆனா மலைமேல மாமரத்தடியிலதான் சிக்னல் வரும், அங்க நான் ஹலோன்னு சொல்றதுக்குள்ள பாதி ஊர் என் தோள்மேல ஏறி நின்னு ஹலோ சொல்லும். நான் சொல்லவேண்டியது அத்தனை பேர் காதுல விழுற விஷயமில்ல. அதான் நாளைக்குக் காலைல மஞ்சள் கப்பல்ல ஏறப்போற கேலமோட பையில இதை வெச்சு அனுப்பறேன். அவன் படிச்சுடுவானோன்னு பயமில்ல, நம்ம பாஷையில அவனுக்குச் சாப்பிடுன்னு சொன்னா மட்டும்தான் புரியும், அது நல்லாவே புரியுது.

நீ சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கு. எனக்கு லீவு கெடைக்கலப்பா, அவங்க ரெண்டு பேரும் சும்மா சுத்திப்பாக்க வராங்க, பக்கத்துத் தீவு விடுதியில தங்குவாங்க, மீன் பாப்பாங்க, குகை பாப்பாங்க, சனிக்கிழமை ஒரு மத்தியானம் வந்து உங்களையும் பாத்துட்டுப் போவாங்க, சடங்கு கிடங்குன்னு ஒண்ணும் வெச்சுடாதீங்கன்னு சொன்ன. நானும் சரிம்மா சரிம்மான்னேன். போனை வெச்ச கையோட இறங்கி வந்து, சனிக்கிழமை என் பேத்திக்கு முகம் காட்டற சடங்குன்னு ஊர் முழுக்கச் சொல்லிட்டேன். பின்ன? உன் வயித்துல பொறந்த மொத பிள்ளை, உன் ஊருக்கு மொதத் தடவை கால் வைக்கறா, பாயும் திமிங்கிலப் பல்லும் இல்லாம டூரிஸ்ட்டு மாதிரி வந்துட்டுப் போவாளா? தலைவருக்காகச் சபையில பேசற பேச்சாளர் நான், என் பேத்திக்கே அது இல்லன்னா நாளைக்கு எவன் என் பேச்சைக் கேப்பான்.

ஆனா ஒண்ணு எனக்கு உறுத்திக்கிட்டே இருந்தது, உனக்கும் அதுதான் உறுத்தியிருக்கும். தாய்மாமன் வந்து உக்காராம அந்தச் சடங்குல உசுரு இல்ல. உன் அண்ணன் விலியாமே வருவானா? நீ அங்கயே ஒரு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் முடிச்சு போட்டோ அனுப்பினியே, அன்னிக்கு வரைக்கும் அவன் உனக்காகப் பன்னி வளத்து, பாய் சேத்து, மாப்பிள்ளை வீட்டார் பொண்ணு கேட்டு வந்தா எந்த மரத்தடியில உக்கார வைக்கணும்னு இடம்கூடப் பாத்து வெச்சிருந்தான். அந்த போட்டோ வந்ததுலேர்ந்து உன் பேரு அவன் வாயில வரல. வெளியாளுக்கு அது தெரியாது. வளந்த அண்ணனும் தங்கச்சியும் நேருக்கு நேர் பேசிக்காம பிள்ளைங்க வழியாத்தான் சேதி அனுப்பணும், அதுதானே நம்ம ஊர் மரியாதைன்னு விட்டுடுவாங்க. மரியாதைக்குப் பேசாம இருக்கறதுக்கும் கோவத்துல பேசாம இருக்கறதுக்கும் பெத்தவனுக்கு வித்தியாசம் தெரியாதா? பேத்தி கிர்ஸ்டியோட போட்டோவை உங்கம்மா எடுத்தாலே மீன்வலையில முடிச்சு விழுந்துடுச்சுன்னு எந்திரிச்சுப் போயிடுவான். அந்த வலையில அவ்வளவு முடிச்சு இருந்தா ஒரு மீனும் சிக்கியிருக்காது.

இப்போ புதன்கிழமை நடந்த கூத்தைக் கேளு. புதன்கிழமைன்னா விடுதிக்காரங்க டூரிஸ்ட்டுங்களை நம்ம ஊருக்குக் கூட்டிட்டு வர நாள்னு உனக்குத் தெரியும். காலைல கால்வாய்ல ஆனைத்திருக்கையோட நீச்சல், மத்தியானம் நாலோமா கிராமம், நடனம், சங்கு மாலை வியாபாரம், சாயங்காலம் திரும்பல். அவங்களை ஏத்திட்டு வரது விலியாமே படகுதான். நான் இலைப்பாவாடை கட்டி, முகத்துல கரி பூசி, கையில தடியோட கரையில நின்னு முறைக்கணும், அவங்க போட்டோ எடுக்கணும், அதுக்கப்புறம் நான் சிரிக்கணும். அன்னிக்கும் முறைச்சுக்கிட்டு நிக்கறேன். படகுலேர்ந்து ஒவ்வொருத்தரா எறங்கறாங்க. வேகவெச்ச நண்டு மாதிரி செவந்து ஒருத்தன் எறங்கறான். எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கேன்னு நெனைக்கறதுக்குள்ள அவன் பின்னால சுருட்டைமுடியோட ஒரு குட்டி குதிக்குது. லைசா, அது நீயேதான். ஏழு வயசுல நீ எப்படித் தண்ணிய ஒதைச்சுக்கிட்டு எறங்குவியோ அப்படியே. தாத்தான்னு ஒரு கத்து கத்தினா பாரு, மலையில ஆடெல்லாம் திரும்பிப் பாத்திருக்கும்.

கேலமுக்கு என்ன தெரியும் பாவம். சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்க முடியல, புதன்கிழமையே வந்து திடீர்னு நின்னா சந்தோஷப்படுவாங்கன்னு நெனைச்சிருக்கான். முகம் காட்டாத பிள்ளை ஊர்மண்ணுல நின்னா ஊர் அதைப் பாத்ததாவே காட்டிக்கக்கூடாது, பாத்துட்டா சனிக்கிழமை காட்ட முகம் ஏதுன்னு அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தது? நீதான் சொல்லிக் குடுத்திருக்கணும். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஓடிப்போய்த் தூக்கிக்கணும்னு உடம்பெல்லாம் துடிக்குது, பின்னால பெரியவங்க அத்தனை பேரும் தொண்டையக் கனைக்கறாங்க. என்ன செய்வேன்? என் வேலை முறைக்கறது, முறைச்சேன். பேத்திய முறைச்சேன். அவ விழுந்து விழுந்து சிரிக்கறா. கேலம் வந்து கையக் குடுக்கறான், நான் மத்த டூரிஸ்ட்டுக்குச் சொல்ற மாதிரியே எந்த நாட்டுலேர்ந்து வரீங்கன்னு கேட்டேன். அவன் மூஞ்சி சுருங்கிப்போச்சு. மாமனாருக்குப் புத்தி கலங்கிடுச்சுன்னே நெனைச்சுட்டானாம்.

உங்கம்மா என்னைவிட மோசம். பாய் விரிச்சுச் சங்கு மாலை விக்க உக்காந்திருந்தா. பேத்தி நேரா போய் முன்னால குத்துக்கால் வெச்சு உக்காந்து பாட்டி பாட்டின்னா, இவ கண்ணுல தண்ணி கொட்டக் கொட்ட, எந்த மாலை வேணும்மா, நீலமா வெள்ளையான்னு வியாபாரம் பேசறா. இருக்கறதுலயே பெரிய மாலைய எடுத்துக் கழுத்துல போட்டு, கேலம் நீட்டின காசை வாங்கி, பதட்டத்துல குடுத்ததைவிட ஜாஸ்தியா மீதி குடுத்து அனுப்பிட்டா. பக்கத்துல உக்காந்திருந்த உன் பெரியம்மா மக, சித்திக்கு இன்னிக்கு நல்ல வியாபாரம்னு கேலி பண்ணி சிரிக்கறா. மாலைய மாட்டற சாக்குல பிள்ளை கன்னத்த ஒரு தடவை தொட்டுட்டேன், அது கணக்குல வராதுல்லன்னு ராத்திரி முழுக்க உங்கம்மா என்னைக் கேட்டுக்கிட்டே இருந்தா.

இதையெல்லாம் படகுல நின்னு பாத்துக்கிட்டிருந்தவன் விலியாமே. அவனுக்கு அதுவரைக்கும் அவங்க யாருன்னே தெரியாது. கேலமுக்கும் தெரியாது, நீ அவனுக்குப் போட்டோவுல காட்டினது ஒல்லியா மீசை முளைக்காத விலியாமே, இப்போ இருக்கறது தாடியும் தொப்பையுமா ஒரு மலை. காலைல ஆனைத்திருக்கை பாக்கப் போனப்போ பெரிய ஆளுங்களே படகு விளிம்பப் பிடிச்சுக்கிட்டு நிக்க, இந்தக் குட்டி மொத ஆளா குதிச்சு, பாய் விரிச்ச மாதிரி கீழ போறதைப் பாத்துட்டு, மேல வந்து மறுபடி மறுபடின்னு கத்தியிருக்கா. இவன் அசந்துபோய் அவளைத் தன் பக்கத்துல உக்கார வெச்சு, கைப்பிடியக் குடுத்துப் படகு ஓட்டவே விட்டிருக்கான். யாரோ வெள்ளைக்காரன் பிள்ளை, ஆனா நம்ம தண்ணியில பொறந்தது மாதிரி இருக்குன்னு கரையில இருந்தவங்ககிட்ட பெருமையா சொல்லவும் சொல்லியிருக்கான். அவ தாத்தான்னு என்னைக் கூப்பிட்டதும் அவன் முகம் போன போக்கு இருக்கே. நங்கூரக் கயித்தச் சுத்த ஆரம்பிச்சான். சுத்தின கயித்தையே அவுத்து மறுபடி சுத்திக்கிட்டிருந்தான்.

அவங்களைத் திருப்பி விடுதியில விட்டுட்டு வந்தவன் அடுத்த ரெண்டு நாளும் மீன்பிடிக்கப் போயிட்டான். உன் பிள்ளையும் புருஷனும் அந்த ரெண்டு நாளும் விடுதிக்காரங்களோட குகைக்குப் போயிருக்காங்க, பாறைக்கு அடியில மூச்சைப் பிடிச்சு முங்கி இருட்டறைக்குள்ள எழுந்திருப்பீங்களே அந்தக் குகை. கேலம் முங்கல, வயிறு சரியில்லன்னு சொன்னானாம், கிர்ஸ்டி ரெண்டு தடவை போயிட்டு வந்தாளாம். விடியறதுக்கு முன்ன மலை ஏறித் தீவெல்லாம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வரிசையா நிக்கறதைப் பாத்திருக்காங்க. அவ ஊருக்குள்ள வரக்கூடாதுன்னுதானே முறை, நான் விடுதிக்குப் போகக்கூடாதுன்னு முறையில்லையே, சின்னப் படகுல நானே போயிட்டேன். பேத்திய மடியில வெச்சுக்கிட்டு ஐஸ்க்ரீம் தின்னேன், இதை உங்கம்மாவுக்கு எழுதிடாதே. அங்க வெச்சுதான் கேலம் உளறிட்டான். லைசாவுக்கு லீவு கெடைச்சுது மாமா, டிக்கெட்டும் எடுத்தாச்சு, கடைசி வாரத்துல அவளே வேணாம்னு திருப்பிட்டா, அண்ணன் முன்னால எப்படிப் போய் நிப்பேன்னு அழுதான்னான். நீ பயந்தது விலியாமேவுக்கு, அவன் சுத்திக்கிட்டிருந்தது கயித்த. ரெண்டையும் பெத்தவன் நான், எந்தப் பக்கம் போய்த் திட்டறது?

சனிக்கிழமை வந்தது. கேலமுக்குச் சொந்தம்னு பின்னால உக்கார யாரும் இல்லையேன்னு நான் கவலைப்பட்டேன். விடுதி சமையல்காரங்க, அறை பெருக்கற பொண்ணுங்க, தோட்டக்காரர் எல்லாரும் வேட்டி மாதிரி சுலு கட்டிக்கிட்டு வந்து, இன்னிக்கு நாங்கதான் ஸ்காட்லாந்துன்னு அவன் பின்னால வரிசையா உக்காந்துட்டாங்க. தோட்டக்காரர்தான் அவங்க பேச்சாளர். கடல் தாண்டி, பனி தாண்டி, செம்மறியாடுங்க தாண்டி வந்திருக்கோம்னு அவர் பேசினதுக்கு ஊரே கைதட்டிச்சு. அவர் எங்க பனியக் கண்டாரு, ஐஸ்பெட்டி தாண்டிப் போனதில்ல. திமிங்கிலப் பல்லு குடுத்தாங்க, யங்கோனா கலக்கற வேர்க்கட்டு குடுத்தாங்க, உன் மாமியார் குடுத்தனுப்பின கட்டம்போட்ட கம்பளிய எங்க பாய்ங்க மேல விரிச்சு அது வழியா பிள்ளைய நடத்திக் கூட்டிட்டு வந்தாங்க. பதில் சொல்ல நான் எழுந்தேன். எத்தனை சபையில பேசினவன் நான். எங்க லைசாவோட முகம் வந்துடுச்சுன்னு ஒரு வரி சொன்னேன், அதோட உக்காந்துட்டேன். உங்கம்மா புதன்கிழமை அடக்கி வெச்சதையெல்லாம் சேத்துப் பிள்ளையக் கட்டிக்கிட்டு அழுதா, சிரிச்சா, மறுபடி அழுதா. தாய்மாமன் எடம் மட்டும் காலியா இருந்தது. எல்லாரும் அதைப் பாக்காத மாதிரி பாத்துக்கிட்டிருந்தாங்க.

லோவோ மண்ணடுப்புக் குழியத் தோண்டிப் பன்னியும் சேப்பங்கிழங்கும் எடுக்கற நேரத்துக்கு அவன் வந்தான். ஈரத் துணியோட, தோள்ல பெரிய வஞ்சிர மீனோட வந்து, மீனைச் சமையல் பக்கம் போட்டுட்டுக் கடைசி வரிசையில உக்காந்தான். அவன் எடத்துல உக்காரல. யங்கோனாவ ஊத்திக் குடுத்தாங்க, குடிச்சான். கேலம் பாவம் எழுந்து போய் மச்சான்னு சொல்லிக் கையக் குடுத்தான், அந்த ஒரு வார்த்தைய யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. விலியாமே அவன் செவந்த தோளப் பாத்து, மச்சானை இன்னும் கொஞ்சம் வேகவெச்சா நானே தின்னுடுவேன்னான். சபையே சிரிச்சுது. சரி, மச்சானோட கேலி வந்துடுச்சுன்னு நானும் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

அப்பதான் உன் பெரியம்மா மகளுங்க வேலையக் காட்டினாங்க. தாய் பொறந்த ஊருல பிள்ளை கை வெச்சது பிள்ளைக்குச் சொந்தம், மாமன் முடியாதுன்னு சொல்லக்கூடாதுங்கற வாசு உரிமைய கிர்ஸ்டி காதுல ஓதிட்டாங்க. அவளுக்குக் கண்ணு விரிஞ்சுது. எழுந்து போய் போதகர் மகனோட தொப்பிய எடுத்துத் தலையில வெச்சா, அவனும் அவளுக்கு மாமன் முறைதான். உன் சித்தப்பன் ஒருத்தன் வெட்டக் கட்டி வெச்சிருந்த பன்னிக்குட்டிய அவுத்து விட்டா, இது என்னோடது, இது சாகக்கூடாதுன்னா. அவன் தலையில கைய வெச்சுக்கிட்டான், பொம்பளைங்க தரையில உருண்டு சிரிக்கறாங்க. இப்படி ஒவ்வொண்ணா தொட்டுக்கிட்டு வந்தவ விலியாமே முன்னால நின்னா. அவனை மேலயும் கீழயும் பாத்தா. அவன்கிட்ட எடுக்க என்ன இருக்கு, ஈரத் துணி. அவ திரும்பி நேரா கரைக்கு ஓடினா. எல்லாரும் பின்னாலயே போறோம். படகு மேல ரெண்டு கையும் வெச்சு, இதுவும் என்னோடதுன்னா.

சிரிப்பு நின்னுபோச்சு. அது அவன் சோறு, லைசா. புது இன்ஜின் வேற. பிள்ளை ஏதோ வெளையாட்டா கேக்குது, ஒரு கோழிய குடுத்துச் சமாதானம் பண்ணுடான்னு நானே சொல்ல வாயெடுத்தேன், ஊரும் ஒத்துக்கும், யாரும் குத்தம் சொல்லமாட்டாங்க. அவன் மெதுவா நடந்து வந்தான். அவ முன்னால முட்டி போட்டு உக்காந்தான். கழுத்துல மிதவைக் கட்டையோட கட்டியிருந்த இன்ஜின் சாவியக் கழட்டி அவ கழுத்துல மாட்டினான். உங்கம்மா வித்த சங்கு மாலைக்கு மேல அது தொங்கிச்சு. அவ ஒடனே, மாமா நாளைக்கும் திருக்கை பாக்கப் போலாமான்னு கேட்டா. உன் படகு, நீ சொன்னா போகவேண்டியதுதான், ஆனா நாளைக்கு ஞாயித்துக்கிழமை, போதகர் என்னைக் கடல்ல தள்ளிடுவாருன்னான். அதுக்கப்புறம் அவளைத் தோள்ல தூக்கிக்கிட்டுச் சபைக்கு வந்து, தாய்மாமன் எடத்துல உக்காந்தான்.

இதோட முடிஞ்சிருந்தா இதை நான் போன்லயே கத்தியிருப்பேன். இன்னிக்குக் காலைல கோயில் விட்டதும் விலியாமே நம்ம வீட்டுக்கு வந்தான். உள்ள வரல, வாசப்படியில நின்னு தரையப் பாத்துக்கிட்டு, அப்பா, லைசாகிட்ட சொல்லிடுங்க, அவ பிள்ளை என்னைத் தொடைச்சு எடுத்துட்டுப் போறா, இதுக்கு ஒரு நியாயம் வேணும்னான். எனக்குக் காது அடைச்சுப்போச்சு. அடுக்களையில உங்கம்மா கையிலேர்ந்து சட்டிமூடி விழுந்த சத்தம் கேட்டுது. எனக்குக் காது சரியில்ல, யாருகிட்ட சொல்லணும்னேன். லைசாகிட்டதான்னான். எந்த லைசான்னேன். அவன் என்னைப் பாத்தான், எல்லாம் புரிஞ்சுபோச்சு திருட்டுப்பயலுக்கு. ஒங்க மக லைசா, என் தங்கச்சி லைசான்னு கத்திட்டுப் போனான். பக்கத்து வீட்டுல கோயில் அலுப்புல சாஞ்சிருந்தவங்ககூட எழுந்து உக்காந்துட்டாங்க. அவனை மூணு தடவை சொல்ல வெச்சுட்டேன்மா. நான் எவ்வளவு பெரிய பேச்சாளர்னு இப்பவாவது ஒத்துக்கோ.

இப்போ உனக்குச் சில புத்தி. கம்பளி போட்டுக்கோ, ராத்திரி டூட்டி முடிச்சுட்டுக் காலி வயித்தோட படுக்காதே. கேலமை வெயில்ல விடாதே, அங்க வெயில் இல்லன்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன். பிள்ளைக்கு நம்ம பாஷை கொஞ்சம் கூடச் சொல்லிக் குடு, இப்போதைக்கு அவளுக்கு நல்லா வர வாக்கியம் இது என்னோடதுங்கறது ஒண்ணுதான். கட்டிக் குடுத்திருக்கற உலர்ந்த மீனை விமான நிலையத்துல கேட்டா மருந்துன்னு சொல்லாதேன்னு கேலம்கிட்ட சொல்லியிருக்கேன், போன தடவை உன் சித்தி சொல்லி மாட்டிக்கிட்டா.

விலியாமே நாளைலேர்ந்து டூரிஸ்ட்டுங்களைக் கூட்டிட்டு வர உன் சித்தப்பன் படகை இரவல் கேட்டிருக்கான். அந்தப் பழைய படகு பாதி வழியில நின்னுபோகும், தெரிஞ்சேதான் கேட்டிருக்கான். அவனோட படகை நேத்து சாயங்காலமே மணல்ல இழுத்து ஏத்தி, தென்னை ஓலை போட்டு மூடிட்டான். சாவி இல்லாம ஒரு ஒயரை வெச்சே இன்ஜினைக் கெளப்பத் தெரிஞ்சவன் அவன், சின்ன வயசுல எத்தனை தடவை அப்படிக் கெளப்பி என்கிட்ட அடி வாங்கியிருக்கான். ஏன்டா இப்படின்னு கேட்டேன். சொந்தக்காரி சின்னப்பிள்ளை, அவ அம்மா வந்து ஒரு வார்த்தை சொல்லாம நான் எப்படித் தொடறதுன்னான். மாம்பழம் பழுக்கற நேரத்துக்கு வந்துடு, புயல் மூச்சு விடறதுக்கு முன்ன. ஆனைத்திருக்கை இருக்குமோ இருக்காதோ, குகை எங்கயும் போகாது, மலையும் போகாது, அதையெல்லாம் நிதானமா பாத்துக்கலாம். மொதல்ல கரையில எறங்கி அந்த ஓலைய நீ எடுக்கணும். ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும், உங்கம்மாவோட முத்தம் ரெண்டு கன்னத்துக்கும்.

மறந்துடாதே, சாவி கிர்ஸ்டி கழுத்துல இருக்கு. விமானத்துல கழட்டச் சொன்னா கழட்டிட்டு, தாண்டினதும் மறுபடி மாட்டிக்கச் சொல்லியிருக்கேன். அவன்கிட்ட வேற சாவி கிடையாது.

உன் அப்பா,
அபிசாய்
நாலோமா, ஞாயிறு மத்தியானம்